பெரியப்பாவா, சித்தப்பாவா? கிரேக்கக் கடவுளர் குடும்பமும் நான் குறைத்த ஒரு மதிப்பெண்ணும்

ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியலில் 'செவ்வியல் உலகம்' பாடத்தைத் தொடங்கும் முன், ஏதென்ஸ் நகருக்கு அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்வது என் வழக்கம். நகரம் யாருக்கு என்று ஏதீனாவுக்கும் கடல் தெய்வமான பொசைடனுக்கும் போட்டி. பொசைடன் தன் திரிசூலத்தால் பாறையைக் குத்தினார்; உப்புநீர் ஊற்று ஒன்று கிளம்பியது. ஏதீனா ஓர் ஆலிவ் மரத்தை முளைக்கச் செய்தாள். மரமே பயனுள்ளது என்று தீர்ப்பாகி, நகரம் அவள் பெயரைப் பெற்றது.

சில ஆண்டுகளுக்கு முன் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, கரும்பலகையில் 'பொசைடன் – ஏதீனாவின் மாமா' என்று எழுதினேன். நான் தயாரித்துப் போனது ஓர் ஆங்கிலப் புத்தகத்திலிருந்து. அதில் 'அங்கிள்' என்று இருந்தது. மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"டீச்சர், ஏதீனாவோட அப்பா சீயஸ். சீயஸும் பொசைடனும் கூடப் பொறந்தவங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்புறம் எப்படி மாமா ஆவாரு? பெரியப்பாவா, சித்தப்பாவா?"

வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். 'மாமா'வை அழித்துவிட்டேன். ஆனால் அந்த இடத்தில் எதை எழுதுவது? ஆங்கிலத்தில் 'அங்கிள்' என்ற ஒரு சொல் போதும். நம் மொழியில் அது நடக்காது. அப்பாவின் உடன்பிறப்பா அம்மாவின் உடன்பிறப்பா, மூத்தவரா இளையவரா என்று தெரிந்தால்தான் முறை சொல்ல முடியும். புத்தகத்தைப் புரட்டினேன். சீயஸ் கடைசிப் பிள்ளை என்று இருந்தது. 'பெரியப்பா' என்று எழுதி, பாடத்தைத் தொடர்ந்தேன்.

நான் செய்த தவறு

அடுத்த வாரம் நானே ஒரு சிறு தேர்வு வைத்தேன். பத்தில் ஒரு கேள்வி: 'பொசைடன் ஏதீனாவுக்கு என்ன உறவு?' அந்த மாணவி 'சித்தப்பா' என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் குறுக்குக் கோடு போட்டேன். கேள்வி கேட்டவளே பதிலை மறந்துவிட்டாளே என்று உள்ளூர ஒரு சலிப்பும் வந்தது.

தாளைக் கொடுத்த அன்று பிற்பகல், நூலகப் பாடவேளையில் இலியட் கதைச் சுருக்கம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். "டீச்சர், இதுல சீயஸ்தான் அண்ணன்னு போட்டிருக்கு" என்றாள். நான் அந்தப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. "கதைப் புத்தகத்துல ஆளுக்கு ஒண்ணு எழுதுவாங்க. போர்டுல எழுதிப் போட்டதைப் படி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதன்பின் அந்த ஆண்டு முழுவதும் அவள் என் வகுப்பில் கை தூக்கவில்லை. நான் அதைக் கவனித்ததும் பல மாதங்கள் கழித்துத்தான்.

கோடை விடுமுறையில், குற்ற உணர்வு பாதி, ஆர்வம் பாதியாக, ஹெசியட்டின் 'தியோகனி'யையும் ஹோமரின் 'இலியட்'டையும் மொழிபெயர்ப்பில் முழுதாகப் படித்தேன். அவள் எழுதியது சரி. நான் எழுதியதும் சரி. அவளுக்குக் கோடு போட்டது மட்டும்தான் தவறு.

ஹெசியட் சொல்லும் குடும்பம்

'தியோகனி' என்ற சொல்லுக்குக் 'கடவுளரின் பிறப்பு' என்று பொருள். ஏறத்தாழ கி.மு. 700-ஐ ஒட்டிப் பாடப்பட்ட, சுமார் ஆயிரம் அடிகள் கொண்ட கவிதை. முதலில் கேயாஸ் என்னும் வெறுமை. பின்னர் பூமியாகிய கேயா. கேயா தனியாகவே வானத்தைப் பெற்றெடுக்கிறாள். அந்த வானம்தான் யுரேனஸ். பூமிக்கும் வானுக்கும் பிறந்தவர்கள் பன்னிரண்டு டைட்டன்கள், ஒற்றைக் கண் கொண்ட மூவர், நூறு கைகள் கொண்ட மூவர்.

பிள்ளைகளை வெறுத்த யுரேனஸ், அவர்களை வெளியே வரவிடாமல் பூமிக்குள்ளேயே அடைத்து வைக்கிறான். தாய் ஓர் அரிவாளைச் செய்து தருகிறாள். டைட்டன்களில் கடைக்குட்டியான குரோனஸ் அதைக் கொண்டு தந்தையை வீழ்த்துகிறான். (குரோனஸைக் காலத்தின் கடவுள் என்று சில புத்தகங்களில் காணலாம். காலம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல் வேறு. ஒலி ஒப்புமையால் பழங்காலத்திலேயே ஏற்பட்ட குழப்பம் அது.)

குரோனஸுக்கும் ரேயாவுக்கும் பிறந்தவர்கள் ஆறு பேர். ஹெசியட் தரும் வரிசை இது: ஹெஸ்டியா, டிமீட்டர், ஹீரா என மூன்று பெண்கள், ஹேடிஸ், பொசைடன், சீயஸ் என மூன்று ஆண்கள். தன் பிள்ளையே தன்னை வீழ்த்துவான் என்று அறிந்த குரோனஸ், பிறந்த குழந்தைகளை ஒவ்வொன்றாக விழுங்குகிறான். கடைசிக் குழந்தை சீயஸை ரேயா கிரீட் தீவில் மறைத்துவிட்டு, துணியில் சுற்றிய கல்லைக் கணவனிடம் தருகிறாள். வளர்ந்து வந்த சீயஸ், விழுங்கப்பட்டவர்களை மீட்கிறான். டைட்டன்களோடு பத்தாண்டுப் போர் நடக்கிறது. வென்றபின் மற்ற கடவுளர் வேண்ட, சீயஸ் அரசனாகிறான். இந்தக் கணக்கில் பொசைடன் அண்ணன், ஏதீனாவுக்குப் பெரியப்பா.

ஹோமர் சொல்லும் குடும்பம்

இலியட்டில் வரும் சீயஸ், மூத்தவன். டிராய்ப் போரில் பொசைடன் கிரேக்கர்களுக்கு உதவிக்கொண்டிருக்கிறார். களத்தை விட்டு விலகும்படி தூதுப்பெண் ஐரிஸ் மூலம் சீயஸ் ஆணை அனுப்புகிறார். பொசைடனுக்குக் கோபம். நாங்கள் மூவரும் ஒரே தாய் தந்தைக்குப் பிறந்தவர்கள். சீட்டுக் குலுக்கித்தான் பங்கு பிரித்தோம். எனக்குக் கடல், ஹேடிஸுக்கு இருண்ட கீழுலகம், சீயஸுக்கு வானம். பூமியும் ஒலிம்பஸ் மலையும் மூவருக்கும் பொது என்று வாதாடுகிறார். அப்போது ஐரிஸ் ஒன்றை நினைவூட்டுகிறாள்: மூத்தவர் பக்கமே பழிதீர்க்கும் தேவதைகள் நிற்பார்கள். பொசைடன் முணுமுணுத்தபடி விலகிப் போகிறார். இந்தக் கணக்கில் அவர் தம்பி; ஏதீனாவுக்குச் சித்தப்பா.

ஏன் இந்த வேறுபாடு? இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தபோது எனக்குப் புரிந்தது இது. ஹெசியட் சொல்வது ஆட்சி கைமாறும் கதை. கடைக்குட்டி குரோனஸ் தந்தையை வீழ்த்துகிறான். அவனை அவனுடைய கடைக்குட்டி சீயஸ் வீழ்த்துகிறான். அங்கே சீயஸ் இளையவனாக இருந்தால்தான் கதை பொருந்தும். ஹோமர் சொல்வது அண்ணன் தம்பி தகராறு. யார் சொல்லுக்கு யார் கட்டுப்படுவது என்பது அங்கே கேள்வி. சீயஸ் மூத்தவனாக இருந்தால்தான் அந்தத் தகராறு முடியும். பாகப்பிரிவினைப் பஞ்சாயத்தை நேரில் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

இதைவிடச் சுவையான ஒன்று, ஹோமரின் பெயரால் வழங்கும் துதிப்பாடல்களில் இருக்கிறது. அவற்றுள் அப்ரோடைட் துதி, அடுப்பின் தெய்வமான ஹெஸ்டியாவை முதலில் பிறந்தவள் என்றும், உடனே கடைசியில் பிறந்தவள் என்றும் சொல்கிறது. முதலில் விழுங்கப்பட்டவள் கடைசியில் வெளியே வந்தாள். வெளியே வந்ததை இரண்டாம் பிறப்பாகக் கொண்டால் அவளே இளையவள். இந்தக் கணக்குப்படி பார்த்தால், விழுங்கப்படாத சீயஸும் எல்லோருக்கும் மூத்தவனாகிவிடுவான் அல்லவா?

ஒரே விடை ஏன் இல்லை?

பண்டைக் கிரேக்கம் ஒரே அரசாக இருக்கவில்லை. ஏதென்ஸ், ஸ்பார்ட்டா, கொரிந்து எனத் தனித்தனி நகர அரசுகள். எல்லோரும் ஏற்ற ஒரே புனித நூலும் இல்லை. எல்லாக் கோயில்களையும் ஆண்ட ஒரே குருமார் அமைப்பும் இல்லை. ஊருக்கு ஊர் வழிபாடு, விழா, கவிஞர். கிரேக்கர்களுக்குக் கடவுளரின் வம்சாவளியை அமைத்துத் தந்தவர்கள் ஹோமரும் ஹெசியட்டும்தான் என்று கி.மு. 5-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். அந்த இருவரே ஒத்துப்போகவில்லை.

வகுப்பில் பயன்படுத்த மேலும் சில எடுத்துக்காட்டுகள்:

அப்ரோடைட்: ஹெசியட்டில் கடல் நுரையில் பிறந்தவள், அப்படியானால் சீயஸுக்கு முந்திய தலைமுறை. இலியட்டில் சீயஸுக்கும் டயோனிக்கும் மகள். இந்த இரண்டையும் வைத்து, அப்ரோடைட்டுகள் இருவர் என்றே பிளேட்டோவின் நூலில் ஒருவர் வாதிடுகிறார்.

ஹெபெஸ்டஸ்: கொல்லுத் தொழிலின் கடவுள். ஹோமரில் சீயஸுக்கும் ஹீராவுக்கும் மகன். ஹெசியட்டில் ஹீரா கணவன் மீது கொண்ட கோபத்தில் தனியாகப் பெற்ற பிள்ளை.

விதியின் தேவதைகள் மூவர்: தியோகனியிலேயே ஓரிடத்தில் இரவின் மகள்கள், மற்றோர் இடத்தில் சீயஸுக்கும் தெமிஸுக்கும் மகள்கள். ஒரே நூலுக்குள் இரண்டு விடை!

உறவே விளக்கம்

இந்த வம்சாவளியை மனப்பாடப் பட்டியலாகப் பார்த்தால் சலிப்புத்தான் மிஞ்சும். பெயர்களின் பொருளோடு பார்த்தால் வேறொன்று தெரியும். ஒன்றிலிருந்து மற்றொன்று எப்படி வருகிறது என்பதை அந்தக் காலத்தவர் உறவுமுறையால் விளக்கியிருக்கிறார்கள்.

தெமிஸ் என்றால் முறைமை. அவளுக்கும் சீயஸுக்கும் பிறந்த மகள்கள் நல்லொழுங்கு, நீதி, அமைதி. முறைமை இருக்கும் வீட்டில்தான் அமைதி பிறக்கும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா? மெட்டிஸ் என்றால் மதிநுட்பம். கருவுற்றிருந்த அவளைச் சீயஸ் விழுங்கிவிட, அவர் தலையிலிருந்து பிறந்தவள் அறிவின் தெய்வமான ஏதீனா. இரவின் பிள்ளைகள் உறக்கமும் மரணமும் கனவுகளும். இரவின் மற்றொரு மகள் பூசல். அந்தப் பூசலின் பிள்ளைகள் பசி, துன்பம், போர், பொய்.

எனக்குப் பிடித்தது நெமோசின். அந்தப் பெயருக்கு நினைவு என்று பொருள். அவளுக்கும் சீயஸுக்கும் பிறந்த ஒன்பது பெண்களே கலைகளின் தெய்வங்களான மியூஸ்கள். மியூசிக், மியூசியம் என்ற சொற்கள் இவர்கள் பெயரிலிருந்து வந்தவை. எழுத்துப் பரவலாகாத காலத்தில், ஆயிரக்கணக்கான அடிகளை நினைவில் வைத்துப் பாடிய மக்கள், கலைகளுக்கு நினைவைத் தாயாக்கியதில் வியப்பில்லை.

அறிவியல் வகுப்பிலும் இதே குடும்பம்

ரோமானியர்கள் கிரேக்கக் கடவுளரைத் தங்கள் கடவுளரோடு பொருத்திக்கொண்டனர். சீயஸ் ஜூபிடர், குரோனஸ் சாட்டர்ன், ஏரிஸ் மார்ஸ், பொசைடன் நெப்டியூன், ஹேடிஸ் புளூட்டோ. இப்போது சூரியக் குடும்பத்தைப் பாருங்கள்: செவ்வாய், வியாழன், சனி, யுரேனஸ். ஆங்கிலப் பெயரில் சொன்னால் மார்ஸ், ஜூபிடர், சாட்டர்ன், யுரேனஸ். மகன், அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என நான்கு தலைமுறை வரிசையாக நிற்கிறது!

இது முழுவதும் தற்செயல் அன்று. 1781-இல் வில்லியம் ஹெர்ஷெல் ஒரு புதிய கோளைக் கண்டறிந்தபோது, அதற்கு இங்கிலாந்து மன்னர் ஜார்ஜின் பெயரை வைக்க விரும்பினார். ஜெர்மானிய வானியலாளர் போடே, ஜூபிடரின் தந்தை சாட்டர்ன் என்றால் அதற்கு அடுத்த கோள் சாட்டர்னின் தந்தையாக இருக்கட்டும் என்று யுரேனஸ் என்ற பெயரை முன்வைத்தார். 1846-இல் நெப்டியூனும் 1930-இல் புளூட்டோவும் சேர்ந்தன. புளூட்டோ என்ற பெயரை முதலில் சொன்னவர் இங்கிலாந்தின் 11 வயதுப் பள்ளிச் சிறுமி வெனிஷியா பர்னி. புளூட்டோ 2006-இல் குறுங்கோள் ஆனாலும் அந்தப் பெயர் மாறவில்லை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் தமிழ்ப் பெயர் இருக்க, யுரேனஸும் நெப்டியூனும் ஏன் அப்படியே வழங்குகின்றன என்று மாணவர்கள் கேட்பார்கள். அவை நம் முன்னோர் வெறும் கண்ணால் கண்டு பெயரிட்ட கோள்கள் அல்ல என்பதே விடை.

சங்கடமான கேள்விகள்

வம்சாவளியை வரைந்ததும் வரும் முதல் கேள்வி: "சீயஸும் ஹீராவும் அண்ணன் தங்கச்சி இல்லையா?" கேள்வியை அடக்க வேண்டாம். ஒரே தாய் தந்தைக்குப் பிறந்தவர்கள் மணம் செய்வதைக் கிரேக்கச் சமூகமும் ஏற்கவில்லை. உலகின் தொடக்கத்தைச் சொல்லும் கதையில் வேறு ஆட்களே இல்லை என்பது ஒன்று. கடவுளரின் கதை மனிதருக்கு விதி ஆகாது என்பது மற்றொன்று. திருட்டையும் வஞ்சகத்தையும் கடவுளர் மீது ஏற்றிப் பாடியதற்காக ஹோமரையும் ஹெசியட்டையும் கண்டித்தவர் ஜெனோபேனஸ் என்ற கிரேக்கச் சிந்தனையாளரே. அவர் வாழ்ந்தது இன்றைக்கு 2,500 ஆண்டுகளுக்கு முன்.

இரண்டாவது, பெர்செபோனியின் கதை. சீயஸுக்கும் பயிர்த்தெய்வம் டிமீட்டருக்கும் பிறந்த மகள் அவள். சீயஸின் சம்மதத்தோடு ஹேடிஸ் அவளைக் கீழுலகுக்குக் கவர்ந்து செல்கிறார். ஹேடிஸ் அவளுக்கு அப்பாவின் உடன்பிறப்பு. அம்மாவின் உடன்பிறப்பும் அவரே! பெரியப்பா முறையா, தாய்மாமன் முறையா என்று என் வகுப்பில் ஒரு பெரிய விவாதமே நடந்தது. அதற்கு நடுவில் ஒரு மாணவி கேட்டாள்: "முறை இருக்கட்டும் டீச்சர். அந்தப் பொண்ணைக் கேட்டாங்களா? அவங்க அம்மாவையாவது கேட்டாங்களா?"

இருவரையும் கேட்கவில்லை. அதனால்தான் டிமீட்டர் விதைகள் முளைக்காமல் தடுத்து உலகையே பட்டினி போட்டாள். கடைசியில் சீயஸ் இறங்கிவர வேண்டியதாயிற்று. கீழுலகில் மாதுளை விதையை உண்டுவிட்டதால், ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு அங்கும், மீதி தாயிடமும் பெர்செபோனி இருப்பாள் என்று முடிவானது. பதினெட்டு வயதுக்கு முன் திருமணம் கூடாது என்ற சட்டத்தைப் பற்றிப் பேச அன்று எனக்கு வேறு முன்னுரை தேவைப்படவில்லை.

வகுப்பறைச் செயல்பாடு

இரண்டு பாடவேளைகள் போதும். தேவையானவை: பழைய காலண்டர் அட்டைகள், நூல், சுவரொட்டும் பசை.

1. வகுப்பை இரு குழுக்களாகப் பிரித்து, ஒன்றுக்கு ஹெசியட் சொல்வதையும் மற்றொன்றுக்கு ஹோமர் சொல்வதையும் அரைப்பக்கக் குறிப்பாகக் கொடுங்கள். குறிப்புகள் வேறானவை என்று முன்கூட்டியே சொல்ல வேண்டாம்.

2. ஒவ்வொரு குழுவும் பெயர் அட்டைகளை நூலால் இணைத்து வம்சாவளியை ஒட்டட்டும். இணைக்கும் நூல் மீது உறவுமுறையைத் தமிழில் எழுத வேண்டும். 'அங்கிள்', 'ஆன்ட்டி' கூடாது.

3. இரண்டையும் அருகருகே வைத்து வேறுபாடுகளைத் தேடச் சொல்லுங்கள். 'எது சரி?' என்று கேட்பார்கள். 'யார் சொன்னது? எதற்காகச் சொன்னார்?' என்று திருப்பிக் கேளுங்கள்.

4. ஒவ்வொரு விடைக்கும் முன்னால் 'ஹெசியட் கூற்றுப்படி', 'இலியட்டின்படி' என்று சேர்த்து எழுதப் பழக்குங்கள். வரலாற்றுச் சான்றுகளைக் கையாளும் முதற்படி இதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குடும்ப மரம் வரைதல் என்றால் பிள்ளைகளின் சொந்தக் குடும்பத்தைத்தான் வரையச் சொல்கிறோம். எல்லாப் பிள்ளைக்கும் அது எளிதல்ல. அப்பா இருக்கும் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் அழித்து அழித்து எழுதிய தாள்களைப் பார்த்திருக்கிறேன். கிரேக்கக் கடவுளரின் மரத்தில் யாருக்கும் அந்தச் சங்கடம் இல்லை.

அந்த ஒரு மதிப்பெண்

பள்ளி திறந்ததும், அப்போது பத்தாம் வகுப்புக்குப் போயிருந்த அந்த மாணவியைத் தேடிப் போனேன். பழைய தாள் இருக்கிறதா என்று கேட்டேன். மறுநாள் கொண்டு வந்தாள். வகுப்புக்கு முன்னால் குறுக்குக் கோட்டை அடித்துவிட்டு, மதிப்பெண் போட்டு, கையொப்பமும் இட்டேன். "அன்னைக்கு நீ காட்டின பக்கத்தை நான் பார்த்திருக்கணும். தப்பு என்னோடது" என்றேன். முடிந்துபோன ஒரு சிறு தேர்வின் ஒரு மதிப்பெண். எந்தப் பதிவேட்டிலும் அது ஏறப்போவதில்லை.

தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "அப்போ ஹெஸ்டியா மூத்தவளும் அவங்கதான், இளையவளும் அவங்கதான்னு நீங்க சொன்னீங்களே டீச்சர், அவங்க ஏதீனாவுக்கு என்ன முறை?"

நல்ல வேளை, அதற்கு ஒரே விடைதான். அக்காவானாலும் தங்கையானாலும் அப்பாவுடன் பிறந்தவள் நம் மொழியில் அத்தைதான்.